நாலு சீட்டு செஸ்னாவுக்கு பெரிய ஏர்போர்ட்டில் என்ன வேலை?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

"அண்ணாச்சி, வாகைக்குளத்துல, நம்ம தூத்துக்குடி ஏர்போர்ட்ல, புது டெர்மினல் திறந்தாச்சி, ஓடுதளத்தையும் 3 கிலோமீட்டருக்கு மேல நீட்டியாச்சி. இனிமே பெரிய பிளேன்லாம் வந்திரும். நாலு சீட்டு செஸ்னாவ அங்க இறங்க விடுவாங்களா? மதுரை, திருவனந்தபுரம்லாம் நீங்க ஓட்டிட்டுப் போயிருக்கேன்னு சொன்னீங்க. பயமா இருக்காதா? தம்பி மகன் பைலட் டிரெயினிங் சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். அதான் கேக்கேன்."

3 ஆகஸ்ட், இரவு

விடுவார்கள். வாகைக்குளம் 1992-லிருந்து இருக்கிற நிலையம். ஓடுதளம் 1350 மீட்டராக இருந்தபோது பெரிய விமானம்தான் வர முடியாமல் நின்றது, செஸ்னாவுக்கு அதில் பாதியே தாராளம். இப்போது 3115 மீட்டர். ஒரே ஓட்டத்தில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கலாம்.

சும்மா போய் நிற்க முடியாது. பிளைட் பிளான் போட வேண்டும், நிறுத்த இடம் உண்டா என்று கேட்டு வைக்க வேண்டும், எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண்ணும் ஏடிசி எண்ணும் வாங்க வேண்டும். இந்த ஏடிசி, டவரில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிற ஏடிசி இல்லை, இது வான் பாதுகாப்பு அனுமதி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, நான் என்ன செய்ய. மும்பை மாதிரி இடங்களில் நெரிசல் நேரத்தில் சின்ன விமானத்துக்குக் கதவடைப்பு உண்டு. நம் பக்கம் அந்த அளவுக்கு நெரிசல் இல்லை.

பயம்? ஓடுதளத்தைப் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை. நீளம், அகலம், விளக்கு எல்லாம் சின்ன நிலையத்தைவிட நல்லாவே இருக்கும். பயம் வேகத்தில்தான். நம் வேகம் இல்லை, நம் வேகம் போதாமை. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புது பஸ்ஸ்டாண்டுக்குள் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிஎஸ் 50-ல் நுழைந்து பாருங்கள். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடிக்கிறார். ஒரே வித்தியாசம், வானத்தில் யாரும் பிரேக் போட்டு நிற்க முடியாது.

4 ஆகஸ்ட்

கணக்கு போட்டுக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி.

செஸ்னா 172 கடைசி நேர்கோட்டில் 65 நாட் வேகத்தில் வரும். ஏர்பஸ் ஏ320 ஜெட் சுமார் 140 நாட். எனக்கு ஓடுதளத்துக்கு இன்னும் 4 கடல் மைல் இருக்கிறது என்றால், அதைக் கடக்க 3 நிமிடம் 40 விநாடி. அதே நேரத்தில் ஏர்பஸ் எட்டரை மைல் வந்துவிடும். அதாவது எனக்கு நாலு மைல் பின்னால் அவர் இருந்தால், நான் சக்கரம் வைக்கிற சமயத்தில் அவர் என் வாலுக்கு வந்திருப்பார்.

அதனால் டவர் என்ன செய்யும்? "ஆர்பிட்" என்று சொல்லி நம்மை ஓரமாக வட்டம் போட விடும். இல்லையென்றால் வேகத்தைக் குறைக்காமல் வரச் சொல்லும். சின்ன நிலையத்தில் படிக்கும்போது 65, 65 என்று மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுப்பார்கள். பெரிய நிலையத்தில் நான் கடைசி ஒன்றரை மைல் வரை 100 நாட்டில் வருவேன். முதல் பிளாப்பை (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்குகிற பலகை) 110-க்குள் விடலாம், முழு பிளாப்புக்கு 85-க்குக் கீழே வர வேண்டும். பவரைக் குறைத்து மூக்கைப் பிடித்து வைத்தால் செஸ்னா கட்டை வண்டி மாதிரி சட்டென்று வேகம் இழக்கும். முன்னால் 2 கிலோமீட்டர் ஓடுதளம் கிடக்கும்போது கொஞ்சம் மிதந்தால்தான் என்ன.

இதைப் பயிற்சி இல்லாமல் முதல் தடவையே செய்து பார்க்க வேண்டாம்.

4 ஆகஸ்ட், மறுபடி

நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 65 நாட் என்பது 120 கிலோமீட்டர். ஆமாம், நாலுவழிச் சாலையில் நாகர்கோவில் போகிற கார்கள் என்னைவிட வேகமாகப் போயிருக்கின்றன. ஆடி மாதம் வாகைக்குளத்தில் மேற்கே பார்த்து இறங்கும்போது எதிர்க்காற்று 25 நாட் இருந்தால் தரைக்கணக்கில் 40 நாட்தான். டோல்கேட்டைத் தாண்டி வருகிற லாரிக்காரர் நம்மை முந்துவார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமே, செஸ்னா பறக்காதா என்று யாரும் கேட்க வேண்டாம். பறக்கும், பின்பக்கமாக.

7 ஆகஸ்ட்

உங்களுக்கு ஒரு தடவையாவது சிக்கல் வந்ததுண்டா என்று கேட்கிறீர்கள். வந்தது. நிலையத்தின் பெயர் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

சிபிஎல்-லுக்காக, அதாவது வணிக விமானி உரிமத்துக்காக, 300 கடல் மைல் கிராஸ் கன்ட்ரி, ஊர்விட்டு ஊர் போகிற பயணம். வழியில் இரண்டு வேறு வேறு நிலையங்களில் முழுசாக இறங்கி நிறுத்த வேண்டும் என்பது விதி. இரண்டாவது நிலையம் பெரியது. தனியாகப் போகிறேன். டவுன்விண்டில், அதாவது இறங்கும் முன் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் பறக்கும்போதே, எனக்குப் பின்னால் ஒரு ஏடிஆர், புரொப்பல்லர் வைத்த பயணிகள் விமானம், வருவதாகச் சொன்னார்கள். வேகமாகவே வந்தேன், ஓடுதளத்தின் எண் எழுதியிருக்கிற இடத்திலேயே பூப்போல வைத்தேன். அன்றைக்கு வரை என் ஆகச் சிறந்த லேண்டிங் அதுதான்.

நிமிர்ந்து பார்த்தால் வெளியேறும் வழி ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டவர் "எக்ஸ்பிடைட் வெகேட்" என்கிறது, சீக்கிரம் ஓடுதளத்தை விட்டு வெளியே போ என்று. நான் உருட்டுகிறேன், உருட்டுகிறேன், வழி வரவே இல்லை. வைப்பர் இல்லாத கண்ணாடியில் வெயில், தொடையில் வைத்திருந்த பேடில் பென்சில் உருண்டு கீழே விழுந்துவிட்டது, அதைக் காலால் தள்ளிக்கொண்டே ரட்டரை மிதிக்கிறேன். திரும்பும் இடம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் காதில் கேட்டது: பின்னால் வந்த ஏடிஆருக்கு "கோ அரவுண்ட்", இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போ. தலைக்கு மேல் அது சத்தம் போட்டுக்கொண்டு ஏறிப் போனது.

என் கணக்குப்படி தப்பு டவர் மேல். அவ்வளவு நெருக்கமாக இன்னொருவரை விட்டிருக்கக் கூடாது. பயிற்சி மாணவன் தனியாக வருகிறான் என்று பிளானிலேயே போட்டிருந்தது.

9 ஆகஸ்ட்

பின்சுழல் பற்றி யாருமே கேட்கவில்லை, அதுதான் உண்மையில் கொல்லக்கூடியது. பெரிய விமானம் போன பிறகு அதன் இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் காற்று சுருண்டு சுருண்டு கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே பைக்கில் போயிருப்பீர்கள். பஸ் ஒன்று தாண்டும்போது முதலில் காற்று நின்று, பிறகு பக்கவாட்டில் ஒரு அறை அறையும் இல்லையா, அதே மாதிரி. ஆனால் 300 அடி உயரத்தில், இறக்கையோடு சேர்த்துக் கவிழ்க்கிற அறை.

தப்பிக்கிற வழி எளிது. சுழல் கீழேதான் இறங்கும். அதனால் முன்னால் போனவருடைய இறங்குபாதைக்கு மேலேயே இருந்து, அவர் சக்கரம் வைத்த இடத்தைத் தாண்டி நாம் வைக்க வேண்டும். ஏறும்போது அவர் மூக்கைத் தூக்கிய இடத்துக்கு முன்பே நாம் தரையை விட வேண்டும். ஓடுதளத்துக்குக் குறுக்கே 4, 5 நாட் மெல்லிய காற்று வீசினால்தான் ரொம்ப ஆபத்து: ஒரு பக்கத்துச் சுழலை ஓடுதளத்தின் மேலேயே அது நிறுத்தி வைத்துவிடும். பலமாக அடித்தால் கலைந்து போகும். ஆடிக் காற்று ஒரு விதத்தில் நல்லதும் செய்கிறது.

"ஏடிஆர் சின்ன விமானம்தானே" என்று ஒரு அன்பர் தனியாக எழுதியிருந்தார். எடைக் கணக்கில் 7 டன் வரைதான் லைட். ஏடிஆர் 72 இருபது டன்னுக்கு மேல், அது மீடியம். செஸ்னா ஒரு டன்னும் கொசுறும். டவர் இரண்டு நிமிட இடைவெளி கொடுக்கும், போதும்.

10 ஆகஸ்ட்

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். இரண்டு நிமிடம் என்பது ஓடுதளத்தின் அதே முனையிலிருந்து கிளம்பும்போது. பாதியிலிருந்து, அதாவது இடையில் இருக்கிற டாக்சிவே வழியாக நுழைந்து கிளம்பினால் 3 நிமிடம். இறங்கும்போதும் மீடியத்துக்குப் பின்னால் வருகிற லைட்டுக்கு 3 நிமிடம். ரேடாரில் பிரித்தால் 5 கடல் மைல். டவர் பொறுமையில்லாமல் "உடனே கிளம்ப முடியுமா" என்று கேட்டால் முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. "அனேபிள்", ஒரே சொல். அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

15 ஆகஸ்ட்

லீவு நாள், ஒரு வேடிக்கை. ரேடியோவில் எல்லாமே ஆங்கிலம். பாளையங்கோட்டையில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்கு, மதுரை டவரில் இருப்பவரும் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், "ரிப்போர்ட் ஃபைனல்" என்றால் ஆங்கிலத்தில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் தடவை அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒன்று வந்தது. ஓடுதளம், காற்று, கியூஎன்ஹெச் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம்), எனக்கு முன்னால் யார், நான் எத்தனாவது. நான் பட்டனை அழுத்தி, முழு மரியாதையோடு, "சரிங்க சார்" என்றேன்.

இரண்டு விநாடி அமைதி. அப்புறம் ரொம்பப் பொறுமையாக, ஒவ்வொன்றாக உடைத்துச் சொன்னார். அவர் நல்லா இருக்கணும்.

புரியவில்லை என்றால் "சே அகெய்ன்". இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. வெட்கம். குறிப்பாக "ஹோல்ட் ஷார்ட்", ஓடுதளத்துக்குள் நுழையாமல் முன்னாலேயே நில், என்ற சொல் வந்தால் அப்படியே திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். தரையில் நாலு மஞ்சள் கோடு, நம் பக்கம் இரண்டு முழுக்கோடு, அந்தப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போகிற கோடு. ரயில்வே கேட் மாதிரி. கேட்டுக்காரர் தூக்காமல் தலையைக் குனிந்து நுழைகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அங்கே ஆகாது.

17 ஆகஸ்ட்

முதல் குறிப்பில் ஓடுதளத்தைப் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 30 மீட்டர் அகலத்தில் பழகியவன் 45 மீட்டர் அகலத்தைப் பார்த்தால் கண் ஏமாறும். அகலம் கண்ணை நிறைக்கும், ரொம்பத் தாழ வந்துவிட்டோம் என்று தோன்றும். நான் ஆளுயரத்துக்கும் மேலேயே மூக்கைத் தூக்கிவிட்டேன். விமானம் அங்கேயே பறப்பதை நிறுத்திவிட்டு பொத்தென்று விழுந்தது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியை மூடுகிற மாதிரி செக்லிஸ்ட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை ஓடுதளத்தின் மறுகோடியில் வைத்தால் சரியாகும்.

24 ஆகஸ்ட்

வாகைக்குளத்திலிருந்து மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஒரே தூரம், 66, 67 கடல் மைல். செஸ்னாவில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

மதுரை வழி குழந்தைக்கும் தெரியும். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர். இடது பக்கம் நாலுவழிச் சாலையையும் ரயில் பாதையையும் வைத்துக்கொண்டு போனால் ஊருக்குத் தெற்கே ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கும். 2285 மீட்டர். மழைக்குப் பிறகு போனால் ஒவ்வொரு குளமும் தாம்பாளம் மாதிரி மினுங்கும், எது எந்த ஊர்க் குளம் என்று தெரியாமல் மயங்குவோம். அப்போது சாலைதான் துணை.

திருவனந்தபுரத்துக்கு நேர்கோடு போட்டால் பொதிகைக்குச் சற்றுத் தெற்கே மலையைத் தாண்ட வேண்டும். அகத்தியர் மலை 1868 மீட்டர், 6100 அடிக்கு மேல். மேலே எப்போதும் மேகம். அதனால் தெற்கே வளைந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போவோம். அங்கே வேறு தலைவலி. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கம்பங்கள் நிற்கின்றன, 1500 அடிக்கு மேல் உயரம். நாங்குநேரி ரோட்டில் போகும்போது ராத்திரி சிவப்பு விளக்குத் தெரியுமே, அதுதான். கூடங்குளம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மகேந்திரகிரியில் இஸ்ரோ. வரைபடத்தில் அந்தப் பக்கம் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு ஜூலையில் அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். கணவாயிலிருந்து வருகிற காற்றில்தானே முப்பந்தல் காற்றாலை எல்லாம் சுற்றுகிறது, அது எனக்கு எதிரே வருகிறது. மலைக்கு இந்தப் பக்கம், அதாவது நம் பக்கம், காற்று வழிந்து சுருண்டு இறங்கும். நாங்குநேரிக்கு அருகிலேயே விமானம் கீழே போய், பேனாவும் நானும் மேலே போனோம். பெல்ட் இல்லாவிட்டால் கூரையில் தலை. திரும்பிவிட்டேன். மறுபடி போனது ஜனவரியில், எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாய் எனக்கு வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் இன்னொன்று. பத்மநாபசுவாமி ஆராட்டு, பங்குனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. சுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகிற வழி ஓடுதளத்துக்குக் குறுக்கே. விமான நிலையம் 1932-ல் வந்தது, ஊர்வலம் அதற்கு முன்பே இருந்தது. அதனால் அன்றைக்கு சில மணி நேரம் ஓடுதளத்தையே மூடிவிடுவார்கள், நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) போட்டு. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் ரத வீதியில் பஸ் நிறுத்துகிற மாதிரி, அங்கே போயிங்கை நிறுத்துகிறார்கள். பிளான் போடும் முன் பஞ்சாங்கமும் பாருங்கள் என்று நான் மாணவர்களிடம் விளையாட்டாகச் சொல்வேன். பாதி விளையாட்டுதான்.

25 ஆகஸ்ட்

சாலை வலது பக்கமா இடது பக்கமா என்று ஒருவர் பிடித்துவிட்டார். வாகைக்குளத்திலிருந்து வடக்கே போகும்போது சாலை மேற்கே, அதாவது இடது பக்கம்தான். மதுரையை நெருங்கும்போது கிட்டே வந்துவிடும். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நன்றி இல்லை.

2 செப்டம்பர்

7 ஆகஸ்ட் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

என் பேட்ச்மேட் ஒருவன் இதைப் படித்துவிட்டு போன் செய்தான். அன்றைக்கு எனக்கு இருபது நிமிடம் பின்னால் அதே பாதையில் இன்னொரு செஸ்னாவில் வந்தவன், அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தவன். "ஏலே, அந்த டவர்க்காரர் உன்ட்ட லாங் லேண்டிங் முடியுமான்னு கேட்டார்ல. நீ அஃபர்ம்னு சொன்ன. சொல்லிட்டு நம்பர் மேலயே எறக்கிட்டு உருட்டுத. அவர் என்ன செய்வாரு?"

நான் இல்லை என்றேன். அவன் சிரித்தான். இரவெல்லாம் யோசித்தேன். கேட்டதுதான். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது, பொருள் விழவில்லை. அவர் சொன்னது இது: பாதி ஓடுதளம் தாண்டிப் போய் இறங்கு, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் வை. அப்படி வைத்திருந்தால் இருபது விநாடியில் வெளியே போயிருப்பேன். நான் எண்ணின் மேலேயே வைத்து, 1200 மீட்டரை 15 நாட்டில் உருட்டினேன். கணக்கு போட்டால் இரண்டரை நிமிடம். 4 மைலில் 110 நாட்டில் வந்துகொண்டிருந்த ஏடிஆருக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடிதான் இருந்தது. அவர் விட்ட இடைவெளி சரி. நான் கொடுத்த "ஆமாம்" பொய்.

இத்தனை வருடமாக இந்தக் கதையை எத்தனை பேரிடம் டவரைத் திட்டிச் சொல்லியிருப்பேன். மாணவர்களிடம்கூட.

ஆகச் சிறந்த லேண்டிங் என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

6 செப்டம்பர்

செலவு, சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஜெட் ஊற்றுகிற எரிபொருள் வேறு, செஸ்னாவின் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய அவ்காஸ் வேறு. அவ்காஸ் நீல நிறம். பல பெரிய நிலையங்களில் ஜெட் எரிபொருள் கடலாகக் கிடக்கும், அவ்காஸ் ஒரு சொட்டு இருக்காது. மணிக்கு 35 லிட்டர் குடிக்கும், போகவர எடுத்துக்கொண்டு போங்கள். யாராவது எண்ணெய் ஊற்றுகிறேன் என்று வண்டியோடு வந்தால் பக்கத்தில் நின்று நிறத்தைப் பாருங்கள்.

டீ கிடைக்காது. அதாவது டெர்மினலுக்குள் கிடைக்கும், ஆனால் விமானம் நிறுத்துகிற ஏப்ரனிலிருந்து உள்ளே போய், சோதனை முடிந்து, குடித்து, மறுபடி சோதனை முடிந்து வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பொழுது முக்கியம்: சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்வை விதியில் ஊர்விட்டு ஊர் போக முடியாது. ஒரு தடவை அந்த டீக்காக இரவு தங்கினேன். அதற்கப்புறம் எலுமிச்சம்பழச் சாதமும் பருப்புத் துவையலும் கையோடு வரும், இறக்கை நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

14 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் நேற்று தம்பி மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், இயற்பியலும் கணக்கும் எடுத்தவன், கண்ணாடி போட்டிருக்கிறான். கண்ணாடி பரவாயில்லை, திருத்தினால் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை. எந்தப் பள்ளிக்கும் ஒரு பைசா கட்டும் முன் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் கிளாஸ் 1. பணம் கட்டிவிட்டு மெடிக்கலில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது பையன் கேட்டான், "மாமா, அந்த ஏடிஆர்ல வந்தவங்களுக்கு ஏன் திரும்ப மேல போச்சுன்னு தெரியுமா?" தெரியாது, அறிவிப்பில் ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்றேன். "முன்னால ஒரு டிவிஎஸ் 50 நின்னுச்சின்னா சொல்லிருப்பாங்க?" என்றான். இவன் இந்த இழை முழுவதையும் படித்திருக்கிறான்.

மெடிக்கல் தேதி கிடைத்ததும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.